கல்லாவும் காணிக்கைப் பெட்டியும்

சென்ற அத்தியாயத்தில் உங்கள் நிறுவனத்தின் நோக்கத்தை நான்கு வரிகளில் எழுதச் சொல்லியிருந்தேன். எழுதியதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். போன வருஷத்துப் பேரேட்டை எடுத்து அந்த நான்கு வரிகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். பணம் போன வழியும் வாசகம் காட்டும் வழியும் ஒத்துப்போனால் தாராளமாக மாட்டலாம். ஒத்துப்போகாவிட்டால், உங்கள் நோக்கம் பேரேட்டில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வாசகத்தைத் திருத்துங்கள், அல்லது செலவைத் திருத்துங்கள்.

பொள்ளாச்சியில் இந்தச் சோதனை கொஞ்சம் சிக்கலானது. காலையில் நார் ஆலையிலோ கொப்பரைக் களத்திலோ நிற்பவரே மாலையில் சபைப் பொருளாளர். ஆனைமலைப் பக்கத்துக் கிராம ஊழியத்துக்கு வேன் அனுப்புபவரும் அவரே. அவருடைய மனைவி குழந்தைகள் காப்பகத்தின் அறங்காவலர். ஒரே ஆள், ஒரே செல்பேசி, பல நேரம் ஒரே வங்கிக் கணக்கு. வேனுக்கு டீசல் ஆலைக் கணக்கில் போகும். ஆலைக்கு அவசரமாக ஐம்பதாயிரம் தேவைப்பட்டால் காப்பகக் கணக்கிலிருந்து ஒரு வாரத்துக்குக் கைமாற்றாக வரும். யாரும் திருடுவதில்லை. ஆனாலும் மூன்று வருஷம் கழித்து எது யாருடைய பணம் என்று கேட்டால் ஒருவராலும் சொல்ல முடியாது. தேங்காய்க்கு நல்ல விலை கிடைக்கும் வருஷத்தில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. விலை விழுந்த வருஷத்தில் எழும், அதுவும் கமிட்டிக் கூட்டத்தில், உயர்ந்த குரலில்.

“இதையெல்லாம் ஏனுங்க எழுதி வெக்கோணும், நம்ம சபைதானுங்களே?” என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்த அத்தியாயம். பவுல் அப்போஸ்தலரை யாரும் சந்தேகித்திருக்க மாட்டார்கள். அப்படியிருந்தும் எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைத் தனியாகக் கொண்டுபோக அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தீத்துவை அனுப்புகிறார், சபைகள் தேர்ந்தெடுத்த இன்னொரு சகோதரரையும் கூடவே அனுப்புகிறார். பெருந்தொகை என்பதால் பழிச்சொல்லுக்கு இடம் வந்துவிடக் கூடாது என்று காரணமும் சொல்கிறார் (2 கொரிந்தியர் 8). இன்று நாம் காசோலையில் இரண்டு கையெழுத்து என்று சொல்வது அதுதான். ஒருவர் வெளியூரில் இருக்கிறார் என்பதற்காக முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்த காசோலைப் புத்தகம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு முதலில் அதைக் கிழித்துப் போடுங்கள்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த பாடம்

தொழிலையும் ஊழியத்தையும் சேர்த்து நடத்துவது எப்படி, எங்கே பிரிப்பது என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. மங்களூர் ஓடு என்று நாம் சொல்லும் அந்தச் சிவப்பு ஓட்டின் கதை அது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்திலிருந்து பாசல் மிஷன் ஊழியர்கள் 1834-ல் மங்களூரில் வந்து இறங்கினார்கள். 1841-ல் அச்சகம் வைத்தார்கள். அதுவரை சிக்கல் பெரிதாக இல்லை. ஞானஸ்நானம் பெற்றவர்கள் எண்ணிக்கை கூடக்கூடச் சிக்கலும் வந்தது. சாதி கைவிட்டது, சாதியோடு தொழிலும் போயிற்று, குத்தகை நிலமும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்பவருக்குத் திங்கட்கிழமை சோற்றுக்கு வழியில்லை. மிஷன் நெசவைத் தொடங்கியது. காக்கிச் சாயத்தின் வரலாற்றில் மங்களூர் நெசவாலையின் பெயர் வருவது இப்படித்தான். 1865-ல் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஊழியர் அங்கே ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். பிறகு மலபார் முழுக்கப் பரவி, கோழிக்கோடு, பாலக்காடு வரை ஓட்டுச் சூளைகள் வந்தன.

இதில் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் கவனிக்க வேண்டிய வருஷம் 1859. அந்த வருஷம் வணிகத்துக்கென்று தனி நிறுவனத்தைப் பாசலில் பங்கு முதலோடு அமைத்தார்கள். பங்குதாரருக்கு வரம்புக்கு உட்பட்ட ஈவு, மிச்ச லாபம் ஊழியத்துக்கு என்று ஏற்பாடு. தொழிற்சாலைகளும் பின்னால் அதன் கீழ் வந்தன. ஓடு விற்ற பணம் நேராகப் போதகர் கைக்குப் போகவில்லை; பிரசங்கத்துக்கு வந்த காணிக்கை சூளையில் எரியவும் இல்லை. மிஷனுக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. ஆத்துமாக்களைத் தேடி வந்தவர்கள் களிமண் பிசைந்துகொண்டிருக்கலாமா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பசித்தவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது என்பதால் சூளைகள் தொடர்ந்து எரிந்தன. அவர்கள் பக்கம்தான் நானும்.

ஆனால் அவர்கள் தீர்க்காமல் விட்ட ஒன்றும் உண்டு. ஒரே ஆளுக்கு வேலை கொடுத்தது மிஷன், பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது மிஷன், ஞாயிறு ஆராதனையும் மிஷன், பல இடங்களில் குடியிருக்க வீடு கொடுத்ததும் மிஷன். கூலி போதவில்லை என்று சொல்ல நினைத்தவர் யாரிடம் போய்ச் சொல்வார்? மேற்பார்வையாளரோடு சண்டை போட்டுவிட்டுப் போதகரிடம் ஆறுதல் தேடலாம் என்றால் இருவரும் ஒரே வீட்டு ஆட்கள். முதலாளியும் மேய்ப்பரும் ஒருவரேயானால் தொழிலாளிக்கு வாய் இருக்காது. முதல் உலகப் போர் வந்தபோது ஜெர்மானியத் தொடர்பு காரணமாகப் பிரிட்டிஷ் அரசு இந்தத் தொழில்களைக் கைப்பற்ற, அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன. ஆலை கைமாறியது, சபைகள் தொடர்ந்தன. கணக்கில் மட்டுமாவது இரண்டையும் பிரித்து வைத்திருந்தது அப்போது உதவியது என்றே நினைக்கிறேன்.

கோவையிலும் இதே போக்கைக் காணலாம். ராபர்ட் ஸ்டேன்ஸ் பதின்வயதில் இங்கிலாந்திலிருந்து வந்து காப்பி வணிகத்தில் இறங்கியவர். 1862-ல் அவர் தொடங்கிய பள்ளி இன்றும் அவிநாசி சாலையில் நடக்கிறது. 1888-ல் அவர் தொடங்கியதுதான் கோவையின் முதல் நூற்பாலை. ஊர் அதை ஸ்டேன்ஸ் மில் என்றே சொல்லிவந்தது. அவர் 1936-ல் இறந்தார். ஆலையும் வணிக நிறுவனமும் பின்னால் கைமாறின. பள்ளி தன் போக்கில் நின்றது. பள்ளியை ஆலையின் ஒரு துறையாக வைத்திருந்தால் இது நடந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

உங்களுக்கு இதில் வேலை என்ன? தொழிலுக்கும் ஊழியத்துக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு, தனித்தனி நிரந்தரக் கணக்கு எண், முடிந்தால் தனித்தனி கணக்கர். லாபத்தில் எத்தனை சதவீதம் ஊழியத்துக்கு என்பதை வருஷத் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தசமபாகம் மொத்த விற்பனையிலா நிகர லாபத்திலா என்ற பழைய வாக்குவாதத்துக்குள் நான் நுழையப் போவதில்லை. எதுவானாலும் ஏப்ரலில் எழுதி மார்ச்சில் கொடுங்கள். ஊழிய அறக்கட்டளை ஏதாவது வியாபாரமும் செய்தால், புத்தகக் கடையோ தையல் பிரிவோ எதுவானாலும், அதற்குத் தனிக் கணக்குப் புத்தகம் வைக்க வருமான வரிச் சட்டமே சொல்கிறது. கைமாற்று எந்தத் திசையிலும் வேண்டாம். அறக்கட்டளைப் பணம் அறங்காவலரின் தொழிலுக்கு ஒரு வாரம் போய்வந்தாலும் வரிவிலக்கே ஆபத்தில் சிக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டோமே என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

ஆலைக்குள் நோக்கம்

கிறிஸ்தவத் தொழில் என்றால் முதலில் நினைவுக்கு வருவது காலை ஜெபமும் காலண்டர் வசனமும்தான். இரண்டிலும் தவறில்லை. ஆனால் உங்கள் ஆலையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள் அல்லர்; பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் பலர். சம்பளம் கொடுக்கிறவர் நடத்தும் ஜெபத்துக்கு வராமல் இருக்க அவர்களுக்குத் துணிவு இருக்காது. அதனால் ஜெபத்தை வேலை நேரம் தொடங்கும் முன் வையுங்கள், வருகைப் பதிவை ஜெபத்துக்குப் பின் எடுங்கள். வந்தவர் யார், வராதவர் யார் என்று மேஸ்திரிகூடக் குறிக்கக் கூடாது. அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது உதவி பெறும் பள்ளி நடத்துபவர்களுக்கு இது விருப்பம் சார்ந்த விஷயமே அல்ல. மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ யாரையும் சம்மதமின்றி உட்காரவைக்கக் கூடாது, சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும் என்று அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு சொல்கிறது.

காலண்டரைவிடத் தண்ணீர் முக்கியம். தென்னை நார்க்கழிவை வெளிநாட்டுக்கு அனுப்ப அதன் உப்பைக் கழுவி எடுக்க வேண்டும். கழுவிய பழுப்புத் தண்ணீர் எங்கே போகிறது? பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் அது ஊறிப் போய்க்கொண்டிருந்தால், அந்தத் தோட்டக்காரருக்கு உங்கள் சுவிசேஷம் அந்த நிறத்தில்தான் தெரியும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் நார்த் தொழிலை வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு மாற்றியபோது நம் பகுதியில் எழுந்த கூக்குரல் நினைவிருக்கும். சிறு ஆலைகளுக்கு அது சுமைதான். ஆனால் விசுவாசி ஒருவரின் கழிவுநீர்த் தொட்டி ஆய்வாளர் வருவதற்கு முன்பே கட்டி முடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகமில்லை.

அடுத்தது முன்பணம். கல்யாணத்துக்கு, வைத்தியத்துக்கு என்று வாங்கியதைக் கூலியில் கழித்துக்கொள்வது இங்கே காலங்காலமான பழக்கம். முதலாளிகள் அதை உதவி என்றே நம்புகிறார்கள். கடன் தீரும்வரை வேறு ஆலைக்குப் போக முடியாது என்ற நிலை வந்துவிட்டால் 1976-ஆம் வருஷச் சட்டத்தில் அதற்குப் பெயர் கொத்தடிமை. நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். மதில் கட்டும் பரபரப்பின் நடுவில் ஜனங்கள் வந்து, வயலையும் பிள்ளைகளையும் அடகு வைத்துவிட்டோம், கடன் கொடுத்தவர்கள் நம் சகோதரர்களேதான் என்று முறையிடுகிறார்கள். நெகேமியா கட்டட வேலைதான் பெரிது என்று அவர்களை அனுப்பிவிடவில்லை. பெரியவர்களைக் கூட்டி, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். அதிபதிக்கு உரிய படியையும் பன்னிரண்டு வருஷம் தான் வாங்காமல் விட்டதைச் சொல்கிறார். எழுப்புகிற மதிலைவிட எழுப்புகிறவர்களின் கடன் அவசரமானது என்று கண்ட தலைவர் அவர். உங்கள் ஆலையில் முன்பணத்துக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள், வட்டி வேண்டாம், விலகிப் போகிறவரின் பாக்கியைத் தவணையில் வாங்கிக்கொள்ளுங்கள். சில பேர் கட்டாமல் போவார்கள். அதைத் தொழில் நட்டத்தில் எழுதுங்கள்.

ஆள் எண்ணிக்கை பத்தைத் தொட்டால் ஈ.எஸ்.ஐ., இருபதைத் தொட்டால் பி.எஃப். இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை, உங்கள் ஆடிட்டருக்குத் தெரியும். ஆளை இரண்டு பெயரில் பிரித்துக் காட்டிப் பத்தொன்பதில் நிறுத்தலாம் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் அப்படிச் சொல்லும்போது நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதுதான் முதல் அத்தியாயத்தில் நாம் பேசிய அழைப்பு.

ஊழியத்துக்குள் நிர்வாகம்

ஊழிய நிறுவனங்களில் நேர்மாறான சிக்கல். அங்கே நோக்கம் தாராளமாக இருக்கும், நிர்வாகம் இருக்காது. நிர்வாகத்தை உலகக் காரியம் என்று நினைப்பவர்களும் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் பந்தி பரிமாறுவதில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தபோது அப்போஸ்தலர்கள் ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? புகார் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்தாரிடமே பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். நம் கமிட்டிகளில் புகார் சொன்னவரை அடுத்த தேர்தலில் ஓரங்கட்டுவது வழக்கம்.

வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்பு என்றால் 2020-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் உங்கள் வேதப் புத்தகத்துக்கு அடுத்தபடியாக மேசையில் இருக்க வேண்டும். பணம் டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். வந்ததில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவுக்குப் போகக் கூடாது. முன்பு 50 சதவீதம் வரை அனுமதி இருந்தது. வாங்கியதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. கடைசி விதி கிராமப்புறச் சிறு ஊழியங்களை அதிகமாகப் பாதித்தது. கோவையில் ஒரு பெரிய அமைப்பு வாங்கி, ஆனைமலையிலோ வால்பாறையிலோ வேலை செய்யும் சிறிய அமைப்புக்குக் கொடுத்துவந்த வழி அதோடு அடைபட்டது. சட்டத்தின் நோக்கம் பற்றி நமக்குக் கருத்து இருக்கலாம். குறுக்குவழி தேடும் அமைப்பு தன் பதிவோடு பிறருடைய நற்பெயரையும் சேர்த்து இழக்கும்.

இதற்கு மாற்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1903-ல் திருநெல்வேலியில் வேதநாயகம் அசரியாவும் நண்பர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது போட்ட அடிப்படையே பணமும் ஆளும் நிர்வாகமும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதுதான். கைப்பிடி அரிசி எடுத்துவைத்துக் காணிக்கை சேர்த்த வீடுகளின் பலத்தில் ஊழியர்களை வெளியே அனுப்பிய மரபு அது. அசரியா பிறகு 1912-ல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். கோவையில் ஆயிரம் குடும்பம், பொள்ளாச்சியில் நூறு குடும்பம் மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தால் ஒரு ஊழியம் நடக்கும். அதற்குக் கணக்கைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். காலாண்டுக்கு ஒருமுறை ஒரே பக்கத்தில், தமிழில், வரவும் செலவும் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஊழியர் சம்பளத்தையும் சேர்த்து ஒட்டுங்கள். சம்பளம் தெரிந்தால் மரியாதை குறையும் என்று பயப்படுகிறார்கள். எவ்வளவு குறைவாகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து சபையார் வெட்கப்படுவதே பெரும்பாலும் நடக்கும்.

பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் 2013-ஆம் வருஷச் சட்டப்படி பெண்களின் புகாருக்கு உள்ளகக் குழு கட்டாயம். அதற்குத் தலைவர் அங்கே பணிபுரியும் மூத்த பெண் ஒருவர். வெளியாள் ஒருவரும் உறுப்பினராக இருக்க வேண்டும். ஆசிரமமும் விடுதியும் காப்பகமும் இதற்கு விலக்கல்ல. ஆயரின் மனைவியைத் தலைவராகப் போட்டு முடித்துவிடாதீர்கள்.

உங்களிடம் ‘வேண்டாம்’ என்று சொல்பவர் யார்?

மோசேக்கு எத்திரோ இருந்தார். மாமனார் என்பதால் பயமில்லாமல் சொன்னார்: நீ செய்கிற விதம் நல்லதல்ல, நீயும் களைத்துப்போவாய், ஜனங்களும் களைத்துப்போவார்கள். நம் கொங்குக் குடும்பங்களிலும் மாமனார் சொல்லுக்கு எடை உண்டு. ஆனால் அறக்கட்டளையில் மாமனார், மச்சான், மகன் என்று மூன்று பேர் உட்கார்ந்தால் அது எத்திரோ ஏற்பாடு ஆகாது. ஐந்து அறங்காவலர் என்றால் குறைந்தது மூன்று பேர் இரத்த உறவோ திருமண உறவோ இல்லாதவர்களாக இருக்கட்டும். ஒருவராவது வேறு சபையைச் சேர்ந்தவராக இருக்கட்டும். சாதியையும் பாருங்கள். எல்லாரும் ஒரே சாதியாக இருந்தால், நீங்கள் வாயால் எதைப் பிரசங்கித்தாலும் ஊர் அந்தப் பட்டியலைத்தான் வாசிக்கும்.

விலகும் தேதி

கருமத்தம்பட்டி ஆலயத்துக்குப் போனவர்கள் பலர். 1846-ல் அங்கேதான் மரியோன் தெ பிரெசியாக் ஆயராக அருட்பொழிவு பெற்றார் என்பதை அறிந்தவர்கள் குறைவு. கோவைப் பகுதிக் கத்தோலிக்கச் சபைக்குத் தலைமை ஏற்ற பிரெஞ்சுக்காரர். உள்ளூர் குருக்களைப் பயிற்றுவிப்பதே தன் வேலை என்று எண்ணியவர். வெளிநாட்டார் என்றென்றும் நடத்தும் சபையை அவர் விரும்பவில்லை. சாதி சார்ந்த உள்ளூர்ச் சடங்குகளை எதுவரை ஏற்கலாம் என்ற பழைய வழக்கில் மனச்சாட்சியோடு ஒத்துப்போக முடியாமல் 1855-ல் பொறுப்பைத் துறந்தார். அடுத்த வருஷம் லியோனில் ஆப்பிரிக்க ஊழியத்துக்கென்று ஒரு சபையைத் தொடங்கினார். 1859-ல் சியரா லியோனின் ஃப்ரீடவுனுக்குப் போய்ச் சேர்ந்த சில வாரங்களில் நோயில் இறந்தார். அவர் எடுத்த எல்லா நிலைப்பாடுகளும் சரியென்று சொல்ல மாட்டேன். ஆனால் மனச்சாட்சியோடு ஒட்டாத நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்காத ஒருவர் நம் மண்ணில் இருந்தார் என்பது தலைவர்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி.

சேலத்தில் பிறந்த கே.டி.பால் இன்னொரு வகை. 1916-ல் ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளரான முதல் இந்தியர். கிராமத்தானுக்குக் கடன் வசதியும் கூட்டுறவும் வேண்டும் என்பது அவர் பிடித்த பிடி. அவர் காட்டிய திசையில் மார்த்தாண்டத்திலும் கோவை ராமநாதபுரத்திலும் கிராம மையங்கள் வந்தன. மார்த்தாண்டத்தில் முட்டையும் தேனும் விற்றது கூட்டுறவுச் சங்கம்; மையத்தின் வேலை அருகிலிருந்து ஆலோசனை சொல்வது. ஆலோசகர் போனாலும் கோழி முட்டையிடும், சங்கம் விற்கும்.

உங்கள் அமைப்பிலும் ஒவ்வொரு பொறுப்புக்கும் காலவரம்பு வேண்டும். மூன்று வருஷம், மறுபடியும் ஒரு மூன்று வருஷம், பிறகு கட்டாய இடைவெளி. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலம் முறை வைத்துத் தண்ணீர் வாங்குவது போலத்தான். முறை முடிந்தால் மடை அடைபடும். அதற்குச் சண்டை போடுகிறவர்கள் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. விலகும் தேதியை நீங்கள் உற்சாகமாக இருக்கும்போதே, யாரும் கேட்காதபோதே, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். வாரிசைப் பின்னால் தேடலாம், தேதி முதலில்.

கடைசியாக ஒப்படைப்பு. நிலப் பத்திரம் யார் வீட்டு பீரோவில் இருக்கிறது, எந்தப் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அமைப்பின் நிலம் தனி ஆள் பெயரில் இருந்தால் அவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றிப் பதியுங்கள்; மகன்களோடு பேசி முடிக்கும் வேலையல்ல அது. வங்கியில் கையெழுத்து மாற்றம், வரித்துறைத் தளத்தின் கடவுச்சொல், மின்னஞ்சல் முகவரி, ஓ.டி.பி. போகும் செல்பேசி எண், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேர் கையெழுத்தோடு மாற்றிக் கொடுங்கள். டிஜிட்டல் கையொப்பச் சாதனம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் அது ஆடிட்டர் அலுவலக மேசை இழுப்பறையில் இருக்கும். முதலில் அங்கே கேளுங்கள்.